எந்தப் பிள்ளையும் கரையில் நிற்க வேண்டாம்

வாரம் ஒரு மாலை கூடும் சிறுவர் குழு ஒன்றை நடத்திவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குழுவில் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை 22 பிள்ளைகள். அடுத்த மாதம் ‘கடற்கொள்ளையர் நாள்’ நடத்துவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மொத்தம் இரண்டரை மணி நேரம். எல்லோரும் ஒரு கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு தொடர் ஓட்டம், கண்களைக் கட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் நடப்பது, பலூன் பீரங்கிச் சண்டை, விளிம்பைத் தீயில் கருக்கிய புதையல் வரைபடம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையைப் பதித்து ஒரு நினைவுப் பொருள், குட்டி பேட்டரி விளக்குகள் மின்னும் புதையல் பெட்டி, தின்பதற்கு நிலக்கடலையும் திராட்சையும் சாக்லேட் நாணயங்களும். இதுதான் அவர் போட்டிருக்கும் திட்டம்.

அவருக்கு மூன்று கவலைகள். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அவசர ஊசி எப்போதும் அவன் பையில் இருக்கிறது. தின்பண்ட நேரத்தில் அவனைத் தனி மேசையில் உட்கார வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு தாய், “ஒரு பையனுக்காக மற்ற எல்லாரும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார். அடுத்து, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. சோம்பல் கண் சிகிச்சைக்காக, கண்ணாடிக்கு உள்ளே ஒரு கண்ணில் பட்டை ஒட்டிக்கொண்டு வருகிறாள். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அன்று எல்லோரும் பட்டை கட்டினால் கேலி நின்றுவிடாதா என்பது வாசகியின் நம்பிக்கை. மூன்றாவது, “கொள்ளைக்காரர்களைக் கொண்டாடுவதா?” என்று ஒரு தந்தை எழுப்பிய கேள்வி. கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில், ஒரு பிள்ளையின் மூன்று வயதுத் தம்பியும் வருவான் என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சொந்த நேரத்தைச் செலவழித்து 22 பிள்ளைகளுக்காக இவ்வளவு யோசிக்கிறவர் நீங்கள். அதனால் குழந்தைகள் நல மருத்துவராக என் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நாளைக் கைவிட வேண்டாம். திட்டத்தில் சிலவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஆபத்து என்று வந்தால் ஒரு பிள்ளையை எடுத்து ஓரமாக வைப்பதுதான் பெரியவர்களுக்கு முதலில் தோன்றும் வழி. நகர்த்த வேண்டியது ஆபத்தான பொருளைத்தான், பிள்ளையை இல்லை. கீழே சொல்லியிருப்பது எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

கண்ணில் பட்டை ஒட்டிய சிறுமி

முதலில் அவளைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் நல்லெண்ணமே அவளுக்குச் சிக்கலாகிவிடக்கூடிய இடம் இது. சோம்பல் கண் என்பது கண்ணைவிட மூளையோடு அதிகம் சம்பந்தப்பட்டது. இரண்டு கண்களில் ஒன்று அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கத் தொடங்குகிறது. அந்தக் கண்ணை மூளை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, நன்றாகப் பார்க்கிற கண்ணை தினமும் சில மணி நேரம் மறைக்கிறோம். ஆக, அந்தப் பட்டை மூடியிருப்பது அவளுடைய நல்ல கண்ணை. அவள் உங்களைப் பார்ப்பதும் படியிறங்குவதும் பலவீனமான கண்ணால்.

இப்போது உங்கள் தொடர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். பட்டை விநியோகம் நடக்கிறது, அவள் கைக்கும் ஒன்று வருகிறது. ஏற்கெனவே ஒட்டிய கண்ணின் மேல் கட்டிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். மறு கண்ணில் கட்டினால் இரண்டு கண்ணும் இருட்டு. விளையாட்டு ஆசையில் ஒட்டியதைப் பிய்த்துவிட்டால் அன்றைய சிகிச்சை போயிற்று. எல்லோரோடும் ஒன்றாக இருக்கட்டும் என்று நீங்கள் ஏற்பாடு செய்த அந்த நிமிடத்தில்தான் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள்.

அவளுக்குப் புதிய பட்டை வேண்டாம். ஒட்டியிருப்பதே கொள்ளையர் பட்டையாகட்டும். ஒட்டுவதற்கு முன் அதன் வெளிப்புறத்தில் நங்கூரமோ மீனோ வரைந்துகொண்டு வரலாம். பசை இருக்கும் பக்கத்தையும் கண்ணில் படும் பக்கத்தையும் தொடாமல் வீட்டிலேயே செய்துவிட வேண்டும். பளபளப்புத் தூள் மட்டும் கூடவே கூடாது, உதிர்ந்து கண்ணுக்குள் போகும்.

புதையல் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பலவீனமான கண்ணால் பார்க்கும் பிள்ளைக்குச் சின்ன எழுத்து எறும்பு ஊர்வதுபோல் கலங்கும். அவள் ‘தெரியவில்லை’ என்று சொல்ல மாட்டாள், பக்கத்துப் பிள்ளையிடம் தாளைத் தள்ளிவிடுவாள். ஆட்டத்திலிருந்து ஒரு பிள்ளை விலகுவது இப்படித்தான், சத்தமே இல்லாமல்.

எல்லோரும் கட்டினால் கேலி நிற்குமா? ஒரு மாலைக்கு நிற்கலாம். மறு வாரம் மற்றவர்கள் பட்டையைக் கழற்றிவிட்டு வருவார்கள், அவள் மட்டும் ஒட்டிக்கொண்டு வருவாள். ‘கொள்ளைக்காரி’ என்ற பட்டப்பெயரும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கேலியைத் தனியாக, அந்த நாளுக்கு முன்பே கையாளுங்கள். பட்டை என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைகளிடம் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். “அவள் கண் இப்போது பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது” என்றால் ஐந்து வயதுக்கும் புரியும். அதற்கு முன்னால் அவளிடமும் அவள் பெற்றோரிடமும் கேட்டுவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் பேசுவதே பிடிக்காது. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்ற பிள்ளைகளுக்குச் சில நிமிடங்கள் பட்டை கட்டுவதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கண்ணை மூடினால் தூரத்தைக் கணிப்பது கடினமாகிறது, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவரும் தெரியமாட்டார். அந்த நிலையில் ஓடவிட்டால் மண்டையோடு மண்டை மோதும். பட்டை கட்டியிருக்கும்போது உட்கார்ந்தே இருக்கட்டும்: காகிதச் சுருளைத் தொலைநோக்கியாக்கிச் சுவரில் ஒட்டிய கப்பல்களை எண்ணலாம், வரைபடம் வரையலாம். ஆளுக்கு ஒரு பட்டை, பெயர் எழுதி வையுங்கள். மாற்றி மாற்றிக் கட்டினால் ஒருவரின் கண் வலி எல்லோருக்கும் ஒட்டும்.

தனி மேசை வேண்டாம்

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பையனைப் பற்றிக் கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் “கொஞ்சம் அரிப்பு வரும் போலிருக்கிறது” என்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். போன முறை அரிப்போடு நின்றது என்பதால் இந்த முறையும் அதோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் வீங்கி, ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். அதற்காகத்தான் மருத்துவர் அவனுக்கு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்’ என்றும் யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு சிகிச்சை உண்டு. அதை ஒவ்வாமை மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்வார்கள், சிறுவர் குழுவின் தின்பண்டத் தட்டில் இல்லை.

அதே நேரம், தேவையில்லாத பயமும் வேண்டாம். கடலையின் வாசனை காற்றில் வந்ததாலேயே பெரிய விளைவு ஏற்படுவது மிக அரிது. வாய்க்குள் போவதுதான் உண்மையான ஆபத்து. கடலை தின்ற பிள்ளை அதே கையால் நாணயத்தை எண்ணி, கயிற்றைப் பிடித்து, வரைபடத்தைத் தடவி, அதையெல்லாம் இவனும் தொட்டு விரலை வாயில் வைப்பான். 22 பிள்ளைகள் ஒரே பெட்டிக்குள் கைவிடும் நாளில் தனி மேசை எதைத் தடுக்கும்? அவனை வேறாகக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு பயனில்லை. கைகளைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் கடலைப் புரதம் போய்விடும். கிருமிநாசினி ஜெல்லைத் தேய்த்தால் போகாது, இதைப் பலரும் தவறாகவே நினைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மற்றவர்கள் விட்டுக்கொடுப்பது ஒரு மாலையில் ஒரு தின்பண்டத்தை. அது அவர்களுக்கு வீட்டில் கிடைக்கும். தராசின் எதிர்த்தட்டில் இருப்பது ஒரு பையனின் மூச்சு. இதைக் கோபமில்லாமல் அவரிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடும். புரியாவிட்டாலும் முடிவு உங்களுடையது. அன்று கடலை இல்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் வீட்டிலிருந்து பலகாரம் செய்து அனுப்புவதை அந்த ஒரு நாள் நிறுத்திவையுங்கள். எந்த எண்ணெய், எந்தக் கரண்டி என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. வாங்கும் பொட்டலங்களில் பொருட்பட்டியலையும், ‘கடலை கலந்திருக்கக்கூடும்’ என்ற அறிவிப்பையும் வாங்கும் ஒவ்வொரு தடவையும் படியுங்கள். சாக்லேட் நாணயங்களில் இந்த அறிவிப்பு அடிக்கடி இருக்கும். காலிப் பொட்டலங்களை எல்லோரும் வீட்டுக்குப் போகும்வரை தூக்கி எறிய வேண்டாம். ஏதாவது நடந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊசி எங்கே இருக்கும், யார் போடுவார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பூட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது. அவன் இருக்கும் இடத்தில், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடலை உள்ளே போயிருக்கலாம் என்ற சந்தேகத்தோடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், தலைச்சுற்றல், திரும்பத் திரும்ப வாந்தி என ஏதாவது வந்தால் தொடையின் வெளிப்பக்கம், நடுவில் ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். அவனைப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இதில் நான் அதிகம் பயப்படும் தவறு. அந்த மாத்திரை மூச்சுக்குழாயைத் திறக்காது.

தின்பண்டம் வேறு என்ன?

கடலில் போனவர்களின் பெரிய எதிரி பல காலம் ஸ்கர்வி என்ற நோய். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம் மறுபடி திறக்கும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் பெற்ற இருவர்தான் சில நாட்களிலேயே எழுந்து நடமாடினார்கள். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்துப் பாருங்கள். சுளையைப் படகாக்கி, வெள்ளரித் துண்டைப் பாயாகச் சாய்த்து வைத்தால் தட்டிலேயே ஒரு கப்பல் கூட்டம் வந்துவிடும். பாய்மரத்துக்குப் பல்குத்தும் குச்சியைச் செருக வேண்டாம். அப்புறம், வேறு யாருக்காவது எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று எல்லாப் பெற்றோரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பால், முட்டை, கோதுமை, எள் என்று பட்டியல் நீளமானது.

திராட்சை இருக்கலாம், ஆனால் அந்த மூன்று வயதுத் தம்பி இருக்கிறானே! முழுத் திராட்சை சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை மூடி போட்டதுபோல் அடைத்துக்கொள்ளும். அவன் வயதுக்கும் ஐந்து வயதுக்காரர்களுக்கும் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் போதாது, வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். கடினமான மிட்டாயும் சோளப்பொரியும் அவர்களுக்கு வேண்டாம். பெரியவர்களானாலும் சிறியவர்களானாலும் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். ஓடிக்கொண்டே தின்பதும் சிரித்துக்கொண்டே விழுங்குவதும்தான் புரையேறுவதில் கொண்டுபோய் விடும்.

கைவினையில் நான்கு திருத்தங்கள்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கை பதிப்பதை முழுதாக நீக்கிவிடுங்கள். அது தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். கெட்டியாக, நிறைய இருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடு ஏறும். கையை வெளியே இழுப்பதற்குள் இறுகியும்விடும். அதற்குப் பதில் வண்ணத்தில் கையை முக்கிக் காகிதத்தில் பதிக்கலாம். கட்டைவிரல் கழுத்தாக, நான்கு விரல்கள் இறகாக, அழகான கிளி ஒன்று கிடைக்கும்.

குட்டி விளக்குகளில் இருப்பது பட்டன் பேட்டரி. மலிவான விளக்குகளில் மூடியைத் திருகாணி இல்லாமல் நகத்தாலேயே நெம்பிவிடலாம். மின்னுகிற வட்டமான பொருளைப் புதையல் என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். மூன்று வயதுக்காரன் வாயில் போடாமல் என்ன செய்வான்? உணவுக்குழாயில் சிக்கினால் அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, இரண்டே மணி நேரத்தில் திசு வெந்து புண்ணாகும். விளக்கை எரிய வைக்க முடியாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக இருந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெட்டிக்குள் பளபளப்பு வேண்டுமென்றால் உள்ளே அலுமினியத் தாளை ஒட்டி, பெரியவர் ஒருவர் டார்ச் அடிக்கட்டும். மூடி திறக்கும் கணத்தில் வெளிச்சம் தெறிக்கும்.

வரைபடத்துக்குத் தீ வேண்டவே வேண்டாம். ஆறிய தேநீர் டிகாக்ஷனில் காகிதத்தை நனைத்து, கசக்கி, ஈரமாக இருக்கும்போதே விளிம்பை விரலால் மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், அங்கே சாயம் அதிகமாக ஊறும். காய்ந்தபின் ஓரம் மட்டும் கருத்து, நூறு வருடம் பெட்டியில் கிடந்ததுபோல் இருக்கும். தீயில் கருக்கியதைவிட எனக்கு இதுதான் அழகு. ஆனால் காய ஒரு நாள் பிடிக்கும், முந்தைய வாரமே செய்துவிடுங்கள்.

பலூனும் வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஊதாத பலூனும் வெடித்த துண்டும் தொண்டையில் படிந்து அடைத்துக்கொள்ளக்கூடியவை. செய்தித்தாளைக் கசக்கி நாடா சுற்றினால் நல்ல பீரங்கிக் குண்டு.

விளையாட்டில் யாரையும் வெளியேற்றாதீர்கள்

கண்ணைக் கட்டிப் பெஞ்சில் நடந்தால் மணிக்கட்டு முறியும், அதை நான் சிகிச்சை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். தரையில் நாடாவை ஒட்டிப் பலகையாக்கி, இருபுறமும் நீலத் துணி விரித்தாலே போதும், அவர்கள் மனதில் கடல் வந்துவிடும். கண்ணைக் கட்டவும் வேண்டாம். கடற்கொள்ளையர்கள் கைதிகளைப் பலகையில் நடக்கவிட்டது பெரும்பாலும் கதைகளில்தான், நிஜத்தில் மிக அரிது.

தொடர் ஓட்டத்துக்குப் பதில் ‘சுருங்கும் தீவு’ விளையாட்டைச் சேருங்கள். பெரிய துணியை விரித்து அதுதான் தீவு என்று சொல்லுங்கள். பாட்டு நின்றதும் எல்லோரும் துணிமேல் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் துணியை மடித்துக்கொண்டே போங்கள். யாரும் அவுட் இல்லை. கடைசியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லோரும் நின்றால் எல்லோருக்கும் வெற்றி. அவுட் ஆகிற ஆட்டங்களில் முதலில் வெளியே போவது ஓட முடியாதவரும் சரியாகப் பார்க்க முடியாதவரும் சின்னவரும்தான். கூட விளையாட வேண்டிய தேவை அதிகம் இருப்பதும் அவர்களுக்குத்தான். பெரிய பிள்ளைகள் தள்ளிவிடாதபடி மட்டும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: அட்டை வாளும் வேண்டாம். அதன் முனை இருக்கும் உயரம் அடுத்த பிள்ளையின் கண் இருக்கும் உயரம். ஆளுக்கு ஒரு கயிறு கொடுத்து முடிச்சுப் போடக் கற்றுக்கொடுங்கள். கயிறு கழுத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளையரைக் கொண்டாடலாமா?

அந்தத் தந்தை கேட்டது நியாயமான கேள்வி, ஒதுக்கிவிடாதீர்கள். கடற்கொள்ளையர்கள் திருடினார்கள், கொன்றார்கள். இன்றும் சில கடல்களில் கப்பல்களை மறிக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். ‘அவர்கள் செய்தது தப்பு, நாம் விளையாடுவது அவர்களைப் பற்றிய கதையை’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். இந்த வயதில் பாவனை வேறு, நிஜம் வேறு என்பது பெரும்பாலும் தெரியும். ஐந்து வயதுக்காரர்களுக்கும் அந்தத் தம்பிக்கும் முகமூடியும் மண்டையோடும் பயமாக இருக்கலாம். முகமூடியை முதலில் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள். உங்கள் முகம் தெரிந்த பிறகு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரலாற்றில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1720 வாக்கில் கடலைக் கலக்கிய பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுத்தில் விதிகள் இருந்தன. முக்கிய முடிவுகளில் ஒவ்வொருவருக்கும் வாக்கு, உணவில் எல்லோருக்கும் சம உரிமை, இரவு 8 மணிக்கு விளக்கணைப்பு, சண்டையில் உறுப்பை இழந்தவருக்குப் பொதுப் பணத்திலிருந்து இழப்பீடு. கொள்ளை அடிக்கப் போனவர்களுக்கே கப்பலுக்குள் விதி தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் பிள்ளைகளும் வந்தவுடன் தங்கள் கப்பலுக்கு ஐந்து விதி எழுதிக் கையெழுத்திடட்டும். முதல் விதியை நீங்களே கொடுக்கலாம்: புதையல் திறக்கும்போது எல்லோரும் அங்கே இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே பங்கு. அந்தத் தந்தையை அன்று உதவிக்கு அழைத்துப் பாருங்கள். டார்ச் பிடிக்க ஒருவர் வேண்டுமே.

இதையெல்லாம் தொடங்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. இன்றே பையனின் தாயை அழைத்து, ஊசியின் காலாவதித் தேதியையும், அவர்களின் மருத்துவர் எழுதித் தந்த அவசரக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பயிற்சி ஊசி (மருந்தும் ஊசிமுனையும் இல்லாத மாதிரி) இருந்தால் கொண்டுவரச் சொல்லி, நீங்களும் உங்களோடு நிற்கும் இன்னொருவரும் போட்டுப் பழகுங்கள். புதையல் பெட்டியில் என்ன தின்பண்டம் வைக்கலாம் என்று அந்தப் பையனிடமே கேளுங்கள். அப்புறம் அந்தச் சிறுமியிடம், பட்டையில் நங்கூரமா மீனா என்று.